கெங் வான்ஷுன் காலி செய்த கிண்ணம்

கெங் வான்ஷுன் இல்லாமல் அந்தச் சமவெளிக் கோதுமை ஊரில் ஒரு கல்யாணச் சாப்பாடு நடந்ததில்லை. அவர் சமைக்கிறவர் அல்ல, பரிமாறுகிறவரும் அல்ல. விருந்தாளிகளோடு உட்காருகிறவர். அந்தப் பக்கத்தில் விருந்து வைக்கிற வீட்டுக்காரன் மேசையில் உட்கார மாட்டான். அடுப்படிக்கும் வாசலுக்கும் ஓடிக்கொண்டிருப்பான். அவனுக்குப் பதிலாக நாலு பேச்சுத் தெரிந்த ஒருத்தரை விருந்தாளிகளுக்குத் துணையாக உட்கார வைப்பார்கள். யாருக்கு எந்த இடம், முதல் கோப்பை யாருக்கு, தட்டில் மீனின் தலை யார் பக்கம் பார்க்க வேண்டும், 'போதும்' என்கிறவர் வயிறு நிறைந்து சொல்கிறாரா கூச்சத்தில் சொல்கிறாரா, எல்லாம் அந்த ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். வான்ஷுனுக்குத் தெரியும். நிலம் கொஞ்சம்தான், வீடும் மண்சுவர்தான். ஆனால் விருந்து என்று வந்துவிட்டால் ஊரின் பெரிய தலைகள்கூட அவர் கைகாட்டிய இடத்தில்தான் உட்காரும்.

ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு இளவட்டம் ஒருவன் முழு மீனின் முதுகில் சாப்பாட்டுக் குச்சியைக் கொண்டுபோனான். அது தொடக்கூடாத மீன். மேசைக்கு அழகாக வந்துவிட்டு அப்படியே அடுத்த மேசைக்குப் போகிற மீன். வான்ஷுன் தன் குச்சியால் அவன் குச்சியை மெல்லத் தட்டினார்.

"தம்பி, அது இன்னும் நீந்திக்கிட்டிருக்கு. நாலு மேசைக்குப் போகணும், வழி விடு."

கூடமே சிரித்தது. பையனின் காது இரண்டும் மிளகாய்ப்பழம் போலச் சிவந்தன. இந்தக் கதையை வான்ஷுன் பல வருஷம் பல மேசைகளில் சொல்லிச் சிரிக்க வைத்தார்.

அவருக்கு ஒரே மகள், சாய்ஷியா. தெற்கே குவாங்டாங்கில் செருப்புக் கம்பெனி வேலைக்குப் போனவள், அங்கேயே கூட வேலை பார்த்த ஜோங் ரென்ஃபா என்ற ஜியாங்ஷி மலைப்பையனைக் கட்டிக்கொண்டாள். தரகர் வரவில்லை, பெண் பார்க்க யாரும் வரவில்லை. கல்யாணமும் மலையில் மாப்பிள்ளை வீட்டோடு முடிந்துவிட்டது. கம்பெனியை விட்டு அவள் மாமியார் வீட்டிலேயே தங்கியும் ஒரு வருஷம் ஆகிவிட்டது. பெண் வீட்டு ஆள் என்று ஒருத்தரையும் அந்த மலைக்காரர்கள் இன்னும் கண்ணால் பார்க்கவில்லை.

"எங்கயோ கம்பெனி வாசல்ல கண்டெடுத்த பொண்ணுன்னு நெனப்பாங்க" என்று வான்ஷுனின் மனைவி முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சொன்னாள். அவளால் ரயில் ஏற முடியாது. "இந்தப் புத்தாண்டுக்கு நீங்களாச்சும் போய்ட்டு வாங்க. அவளுக்குப் பின்னாடி ஒரு வீடு இருக்கு, மரியாதை தெரிஞ்ச வீடுன்னு அவங்களுக்குத் தெரியணும். நல்லபடியா நடந்துக்குங்க."

"யாருகிட்ட சொல்ற?" என்றார் வான்ஷுன். அவருக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது.

ஒரு தகர டின் நல்லெண்ணெய், உலர்ந்த இலந்தை பதித்து ஆவியில் வேகவைத்த ரொட்டி ஒரு மூட்டை. பண்டிகை நெரிசலில் நின்றுகொண்டே ரயில் பயணம். பிறகு மூங்கில் காட்டுக்குள் வளைந்து வளைந்து ஏறிய பஸ். இறங்கியபோது கால்கள் அவருடையவையாக இல்லை. ரென்ஃபா வந்து மூட்டையை வாங்கிக்கொண்டான். வாசலில் பட்டாசு வெடித்தார்கள். மகளைப் பார்த்தார். கன்னம் கொஞ்சம் சதை போட்டிருந்தது. போதும் என்று நினைத்துக்கொண்டார்.

சம்பந்தி ஜோங் அதிகம் பேசாத மனிதர். புகைக்குழாய்க்கும் சிரிப்புக்கும் மட்டுமே வாயைத் திறப்பார். பேச்சு முழுவதும் அவர் மனைவி லாய் அம்மாளுடையது.

"வாங்க சம்பந்தி, வாங்க. நாறப்பய ரோடு, எலும்பெல்லாம் கழண்டிருக்கும். உக்காருங்க. இல்ல இல்ல, அங்க இல்ல, மேல உக்காருங்க."

கதவைப் பார்த்த மேல் இடத்தில் உட்காரவைத்தார்கள். இரண்டு தடவை மறுத்து மூன்றாவது தடவை உட்கார்ந்தார். அளவாக, அழகாக. தனக்கே திருப்தியாக இருந்தது.

தேநீருக்குப் பிறகு கிண்ணம் வந்தது. அவருக்கு மட்டும். பெரிய கிண்ணம் நிறைய அரிசி சேமியா, குழம்புக்கடியில் இரண்டு முட்டை, மேலே குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோழிக்கால். பழுப்பு நிறத்தில் மின்னிக்கொண்டு, கிண்ணத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டு இருந்தன.

"ஒண்ணுமில்லாத வீடு சம்பந்தி. ஏதோ சூடா வயித்துக்கு. சாப்புடுங்க" என்றாள் லாய் அம்மாள்.

"சாப்பிடுங்க, சாப்பிடுங்க" என்று ஜோங்கும் புகைக்குழாயை ஆட்டினார்.

மற்றவர்கள் யாரும் சாப்பிடவில்லை. சுற்றி உட்கார்ந்து அவர் சாப்பிடுவதைப் பார்த்தார்கள். வான்ஷுன் மனதுக்குள் கணக்குப் போட்டார். பொதுத் தட்டு என்றால் மிச்சம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் போதாமல் வைத்தார்கள் என்று ஆகிவிடும். அது எல்லா ஊருக்கும் பொது. ஆனால் இது பொதுத் தட்டு இல்லை. தனக்கென்று கையில் கொடுத்த கிண்ணம். கையில் கொடுத்த கிண்ணத்தில் மீதி வைத்தால் சமைத்தவளைப் பழித்த மாதிரி. அவர் ஊரில் அப்படித்தான். அதிலும் முதல் தடவை வந்த சம்பந்தி, மகளின் மாமியார் கையால் சமைத்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

ஒரு காலை எடுத்துக் கடித்தார். நன்றாக வெந்து, எலும்பை விட்டுக் கழன்று வந்தது. ரயிலில் நின்ற பசி வேறு. சேமியா, முட்டை, இன்னொரு முட்டை, இன்னொரு கால். கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிக் குழம்பையும் குடித்தார். எலும்பு இரண்டையும் கிண்ணத்துக்குள் ஒழுங்காகப் போட்டார்.

நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் சாய்ஷியா நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்கள் அகல விரிந்திருந்தன. அப்பாவைப் பார்த்துப் பெண் கலங்குகிறாள் என்று அவர் எடுத்துக்கொண்டார்.

லாய் அம்மாள் எழுந்து வந்து கிண்ணத்தை வாங்கினாள். எலும்பை ஒரு கணம் பார்த்தாள். "நல்லா சாப்ட்டீங்க. எனக்கு மனசு நெறஞ்சுது" என்றாள். சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் வெளியே மறுபடி பட்டாசு. ஜோங் புகைக்குழாயைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். லாய் அம்மாளின் முகம் மாறியது. அவளுடைய அண்ணன், ரென்ஃபாவின் தாய்மாமன் மூத்த லாய் வந்துவிட்டார். நாளைக்கு வருவதாகச் சொல்லியிருந்தவர்.

தாய்மாமன் என்றால் மலையிலும் சமவெளியிலும் ஒரே மரியாதைதான். வான்ஷுன் சட்டென்று எழுந்து மேல் இடத்தை விட்டார். மூத்த லாய் மறுத்தார். வான்ஷுன் அவர் தோளைப் பிடித்து அமுக்கினார், அவர் வான்ஷுனின் கையைப் பிடித்து இழுத்தார். இந்த மல்யுத்தத்தில் வான்ஷுனை வென்றவர் யாரும் கிடையாது. "மாமா, நீங்க நிக்க நான் உக்காந்தா எங்க ஊர்க்காரன் என்னச் சேத்துக்க மாட்டான்" என்று பிள்ளைகள் முறையில் கூப்பிட்டே அவரை உட்கார வைத்துவிட்டார். மூத்த லாய் மூங்கில் வியாபாரி. எதையும் தட்டிப் பார்த்தே வாங்குகிற ஆள். இப்போது கொஞ்சம் மெச்சுதலோடு வான்ஷுனைப் பார்த்தார்.

அடுப்படியில் பாத்திரச் சத்தம் கேட்டது. வழக்கத்தைவிட நேரமானது. பிறகு கிண்ணம் வந்தது. சேமியா, முட்டை. மேலே கோழிக்கால் இல்லை. அந்த இடத்தில் உப்பிட்டு உலர்த்திய பன்றி இறைச்சித் துண்டுகளை விசிறி மாதிரி அடுக்கியிருந்தாள் லாய் அம்மாள்.

மூத்த லாய் கிண்ணத்தைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். குச்சியைத் திருப்பி, வாய் படாத பின்முனையால் இறைச்சித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஓரத்துக்கு ஒதுக்கினார். சேமியாவைச் சாப்பிட்டார். ஒரு முட்டையைச் சாப்பிட்டார். இன்னொரு முட்டையையும் இறைச்சி முழுவதையும் அப்படியே வைத்துவிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினார்.

அப்போதாவது வான்ஷுன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் விருந்தாளி சாப்பிடாமல் தள்ளுவதைப் பார்த்தால் அவர் நாக்கு தானாக எழுந்துவிடும்.

"என்ன மாமா, நல்லதெல்லாம் விட்டுட்டீங்க. தங்கச்சி ஆசையா வச்சிருக்கு. சாப்பிடுங்க, சாப்பிடுங்க."

ரென்ஃபா தரையைப் பார்த்தான். மூத்த லாய் பல் குத்திக்கொண்டே, வலிக்காத மாதிரி கேட்டார்:

"எங்க மலையில கோழிக்கு ரெண்டு காலுதான் சம்பந்தி. உங்க சமவெளியில எப்படி, நாலா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஜோங்கூடச் சிரித்தார். வான்ஷுனும் சிரித்தார், எதற்கு என்று தெரியாமலே. சிரித்துக்கொண்டே ஓரத்தில் ஒதுக்கிய இறைச்சியைப் பார்த்தார். லாய் அம்மாள் அந்தக் கிண்ணத்தை எடுத்துப்போகும்போது இறைச்சி சரியாமல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போவதைப் பார்த்தார். தன் கிண்ணத்தை அவள் ஒரே கையில் தூக்கிப் போனது நினைவுக்கு வந்தது.

சிரிப்பு அவர் முகத்திலேயே நின்றுவிட்டது. அதை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை.

நீந்திக்கொண்டிருந்த மீனை அவர் தின்றுவிட்டார். ஊருக்கே குச்சியைத் தட்டிச் சொன்னவர், எலும்பு தெரிய, குழம்போடு சேர்த்து. காது இரண்டும் பற்றி எரிந்தன. அந்த இளவட்டத்தின் பெயர் என்ன என்று யோசித்தார். அவர் அதைக் கேட்டுக்கொண்டதே இல்லை.

கை கழுவி வருகிறேன் என்று வீட்டின் பின்பக்கம் போனார். மழை விட்டு மண் குழைந்திருந்தது. தண்ணீர்த் தொட்டி அடுப்படியின் பின்கதவை ஒட்டி இருந்தது. உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது. மலைப்பேச்சு மகளுக்கு இன்னும் சரியாக வராது. மாமியார் அவளோடு பொதுப்பேச்சில்தான் பேசுவாள்.

"ரென்ஃபாகிட்ட நேத்தே சொன்னேன், வழியிலயே மாமனாருகிட்ட ஒரு வார்த்த சொல்லி வையிடான்னு. அவனுக்கு எங்க ஞாபகம்."

"தப்பு என்னுதுதான் அத்தை."

"தப்புன்னு யாரு சொன்னா? வச்சதச் சாப்ட்டாரு. ஆனா எங்கண்ணன் வாயி உனக்குத் தெரியாது. காலு இல்லாத கிண்ணத்த எங்க வீட்டுல இன்னிக்குத்தான் பாக்கறான். போற வழியெல்லாம் சொல்லிக்கிட்டே போவான். மருமக வீட்டாளுக எப்படின்னு நாலு பேரு கேப்பாங்க. உனக்கும் சேத்துத்தான் பேரு."

தொட்டியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. பிறகு சாய்ஷியா சொன்னாள்:

"எங்கப்பாவுக்கு இதெல்லாம் பழக்கமில்ல அத்தை. பஞ்சத்துல வளந்தவரு. சாப்பாட்டக் கண்டா விடத் தெரியாது. ஊர்லகூட அவர யாரும் விருந்துல கூட்டி உக்கார வைக்கிறதில்ல."

"அப்படியா. அட பாவமே." லாய் அம்மாளின் குரல் உடனே இளகிவிட்டது. "மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல."

வான்ஷுன் ஈரக்கையோடு நின்றார். உள்ளே போய், நான் யார் தெரியுமா என்று கேட்கலாம். எங்கள் ஊரில் வந்து விசாரித்துப் பாருங்கள் என்று சொல்லலாம். சொன்னால் மகள் பொய்க்காரி ஆகிவிடுவாள். அதுவும் போக, அவர் பக்கத்துச் சாட்சி அந்த இரண்டு எலும்புகள்தான்.

பின்கதவு திறந்தது. லாய் அம்மாள் அவரைக் கவனிக்காமல் கூண்டுக்குப் போய், ஒரு சிவப்புக் கோழியைப் பிடித்துத் திரும்பினாள். அப்போதுதான் பார்த்தாள்.

"குளிர்ல என்ன பண்றீங்க சம்பந்தி? உள்ள போங்க."

"அத விட்டுடுங்க சம்பந்தியம்மா. முட்டையிடற கோழி மாதிரி இருக்கு."

"இதுவா? முட்டைய நிறுத்தி ரொம்ப நாளாச்சு. சும்மா தின்னுட்டுத் திரியுது."

அவள் பின்னால் வைக்கோல் கூடையில் ஒரு முட்டை கிடந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். இருவரும் பார்க்காத மாதிரி நின்றார்கள். கோழி மட்டும் சிறகை அடித்துக்கொண்டது.

இருட்டுவதற்கு முன்பே சாப்பாட்டு மேசை நிறைந்துவிட்டது. மூங்கில் குருத்து, தோஃபு, அரிசிமாவில் புரட்டி அவித்த இறைச்சி, கீரை, ஆற்று மீன். சிவப்புக் கோழி குழம்பாகி நடுவில் இருந்தது, கால் இரண்டும் இல்லாமல். அவை நாளைக்காக உள்ளே பத்திரமாக இருக்கும். வான்ஷுன் கீரையில் ஒரு இணுக்கு எடுத்துச் சோற்றோடு மென்றார். லாய் அம்மாள் தன் குச்சியால் அவர் கிண்ணத்தில் இறைச்சியைக் குவித்தாள். தோஃபுவைக் குவித்தாள். அவள் முகத்தில் இப்போது கேலி இல்லை, வருத்தம்கூட இல்லை. நோயாளிக்குப் பரிமாறுகிறவள் போலப் பரிமாறினாள். வான்ஷுனுக்கு அது கேலியைவிடச் சுட்டது.

மூத்த லாய் அவர் கோப்பையில் அரிசி மதுவை ஊற்றினார். "சம்பந்தி, பஞ்சத்துல ரொம்பப் பட்டவராம். தங்கச்சி சொன்னா. மத்தியானம் நான் ஏதோ சிரிப்புக்குச் சொன்னேன், மனசுல வச்சுக்காதீங்க."

விருந்து மேசையில் பசியைப் பற்றிப் பேசக்கூடாது. அது வான்ஷுன் தன் ஊருக்கு வகுத்த சட்டம். யாராவது குடித்துவிட்டு அந்த வருஷங்களின் கதையை எடுத்தால், பேச்சை மாப்பிள்ளையின் பக்கம் திருப்பிவிடுவார். அவர் வயதுக்காரர்களில் அந்தக் கதை இல்லாதவர் யார்? மரப்பட்டையை இடித்துத் தின்ற கதை அவரிடமும் உண்டு. அதன் முடிவில் பிழைக்காமல் போன ஒரு தங்கை உண்டு. அதை அவர் மனைவியிடம்கூட முழுதாகச் சொன்னதில்லை.

சாய்ஷியா சூப்புச் சட்டியோடு உள்ளே வந்தாள். மாமன் பேசியது அவள் காதில் விழுந்துவிட்டது. சட்டி ஆடி, சூடான சூப்பு அவள் கட்டைவிரலில் வழிந்தது. அவள் சட்டியை விடவில்லை. அப்பாவைப் பார்த்தபடி நின்றாள்.

"ஆமா மாமா" என்றார் வான்ஷுன். "மரப்பட்டை தின்னு வளந்த ஆளு நானு. இப்பவும் கிண்ணம் கையில வந்தா கண்ணு மண்ணு தெரியாது. எங்க ஊர்லயே சிரிப்பாங்க. எதுல மிச்சம் வைக்கணும், எப்படி வைக்கணும், எனக்கு ஒண்ணும் தெரியாது. இவ அப்படியில்ல. இவள வளத்தது இவ அம்மா. அந்த வீட்டுல மரியாத தெரிஞ்சவ அவதான். இவளுக்கு எல்லாம் தெரியும்."

"அத நீங்க சொல்லணுமா" என்றாள் லாய் அம்மாள். "வந்த மொத நாளே கிண்ணத்துல கோழிக்காலத் தொடல இவ. யாரும் சொல்லிக்கூடக் குடுக்கல."

வான்ஷுன் கோப்பையைத் தூக்கி ஒரே மூச்சில் குடித்தார். மூத்த லாயும் குடித்துவிட்டு, தங்கள் மலையிலும் அந்த வருஷங்களில் மூங்கில் விதையைத் தின்றதைச் சொல்லத் தொடங்கினார். தன் தங்கையைக் கோழிக்காலுக்கு மறைப்பாகப் பிடித்துவிட்டோம் என்ற நினைப்பில் வான்ஷுன் சோற்றைக் குச்சியால் கிளறிக்கொண்டே இருந்தார். சாய்ஷியா அதன் பிறகு அவர் பக்கம் பார்க்கவே இல்லை.

காலையில் புறப்படுகிறவர்களுக்கு மறுபடி கிண்ணம். முதலில் மூத்த லாய்க்கு. சேமியாவுக்கு மேலே இரண்டு கோழிக்கால், ஒன்றில் தோல் லேசாகக் கிழிந்திருந்தது. அவர் குச்சியின் பின்முனையால் ஒதுக்கிவிட்டு மற்றதைச் சாப்பிட்டார். கிண்ணம் உள்ளே போனது. சற்று நேரத்தில் வான்ஷுனுக்குக் கிண்ணம் வந்தது. மேலே இரண்டு கால். ஒன்றில் தோல் லேசாகக் கிழிந்திருந்தது.

அவரும் குச்சியைத் திருப்பினார். பின்முனையால் ஒதுக்கினார். கூடத்தில் எல்லோரும் வேறு எங்கோ பார்ப்பது போல அவரையே பார்த்தார்கள். சேமியாவை முடித்து, ஒரு முட்டையைச் சாப்பிட்டு, கிண்ணத்தைத் தள்ளி வைத்தார். நடக்கப் பழகிய பிள்ளை விழாமல் நாலடி வைத்ததைப் பார்த்த மாதிரி ஜோங் தலையாட்டினார்.

லாய் அம்மாள் அந்த இரண்டு கால்களையும் எடுத்து மூங்கில் இலையில் சுற்றினாள். "வழிக்கு வச்சுக்குங்க சம்பந்தி."

"வேண்டாம்."

"எங்க வீட்டுல கூச்சப்படாதீங்க. உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியாதா."

அவர் தள்ளினார், அவள் திணித்தாள். பொட்டலம் மூன்று தடவை கை மாறியது. நாற்காலி யுத்தத்தில் தோற்காதவர் இதில் தோற்றார். கையில் வலு இல்லை. அது மரியாதைக்குக் கொடுக்கிற பொட்டலமாக இருந்திருந்தால் வலு வந்திருக்கும்.

ரென்ஃபா மாமனை அனுப்பப் போய்விட்டான். பஸ் நிறுத்தம்வரை சாய்ஷியா மட்டும் வந்தாள்.

"பின்கதவுகிட்ட உங்க செருப்புத் தடம் இருந்துச்சு" என்றாள்.

"கை கழுவப் போனேன்."

"ஊர்ல யாரும் உங்கள உக்கார வைக்கிறதில்லன்னு சொன்னேன்பா."

"அந்த நேரத்துக்கு அதான் சரி."

"நான் முன்னாடியே சொல்லலாம்னுதான் நெனச்சேன். அப்புறம், அப்பாவுக்குப் போயி நான் என்னத்தச் சொல்லிக் குடுக்கறதுன்னு விட்டுட்டேன்."

பஸ் வளைவில் தெரிந்தது. அவர் பையைத் திறந்து இலைப் பொட்டலத்தை எடுத்தார்.

"இத வீட்டுக்குக் கொண்டு போயிடு. நாளைக்கு யாராச்சும் வருவாங்க. கிண்ணத்துக்கு வேணும்."

"அத்தை உங்களுக்குன்னு குடுத்தது."

"பசிச்சவனுக்குன்னு குடுத்தது. கொண்டு போ."

சாய்ஷியா பொட்டலத்தை வாங்கினாள். அங்கேயே இலையைப் பிரித்தாள். தோல் கிழிந்த காலை எடுத்து ஒரு பெரிய வாய் கடித்தாள். மென்றுகொண்டே இன்னொன்றையும் எடுத்து, அதிலும் ஒரு வாய் கடித்தாள். இரண்டையும் இலையில் வைத்து அவர் கையில் கொடுத்தாள். அவள் உதடு எண்ணெயில் மின்னியது. கண்ணும்தான்.

"எச்சில் பண்ணிட்டேன். இனிமே இத எந்த விருந்தாளிக்கும் வைக்க முடியாது. சாப்பிடுங்க."

பஸ்காரன் கத்தினான். வான்ஷுன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். மகளைத் திரும்பிப் பார்த்துக் கையாட்ட வேண்டும். கையில் கோழிக்கால் இருந்தது.

மூங்கில் காடு முடிகிறவரை அதைத் தொடவில்லை. பிறகு, பக்கத்தில் இருந்தவர் தூங்கியதும், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சாப்பிட்டார். மகள் கடித்த இடத்திலிருந்து தொடங்கி எலும்புவரை, ஒரு நார் மிச்சமில்லாமல். எலும்பு இரண்டையும் ஜன்னல் வழியே எறியக் கை வரவில்லை. இலையில் சுற்றி, யாரும் பார்க்காதபடி சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.